மடுவத்து வளைவில் வலது பக்கம்

1

என் மகள் நிரோ சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தாலியில் அந்தப் பரீட்சைக்கு நீளமாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் தருவார்கள். சரியா பிழையா என்று சொன்னால் போதும். பலெர்மோ நகரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள். நான் சமைத்துக்கொண்டே பதில் சொல்வேன். நானும் அதே பரீட்சையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவள் என்பதால் எனக்கு அந்தப் புத்தகம் பாதி மனப்பாடம்.

"கார் லைசன் உள்ளவர், நூற்றிருபத்தைந்து சிசி வரையான ஸ்கூட்டரை எந்த நாட்டிலும் ஓட்டலாம்."

"சரி," என்றேன்.

"பிழை அம்மா. இத்தாலிக்குள்ள மட்டும்தான். வெளியில கொண்டு போனா செல்லாது."

"நல்லாப் பாரு."

"இந்தா, எழுதிக் கிடக்கு."

நான் அடுப்பைக் குறைத்தேன். அடுப்பு ஏற்கெனவே குறைவாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பதினொரு மாதமாக ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் நான் தூங்கினேன். 'என்னிடம் லைசன் இருந்தது. நான் செய்தது வெறும் விபத்து.' அந்த வசனம் அன்றைக்கு அந்த மேசையில் முடிந்துபோனது.

நிரோ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "செல்வம் மாமா இதைப் படிச்சிருந்தா ஒழுங்கா ஓடியிருப்பார். இருபது வருசம் ஓடின ரோட்டில ஆர் மற்றப் பக்கத்தால போறது? குடிச்சிட்டுத்தானே ஓடினவர்?"

அவள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். இங்கே ஞாயிறு தமிழ் வகுப்பில் அவளோடு படித்த பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். நான் வாய் திறந்தால் 'அக்கா இந்தியாவோ?' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, இலங்கை மலையகம், வட்டவளை என்பேன். அது எங்கே என்பார்கள். அட்டனுக்குக் கீழே என்பேன். ஓ, தோட்டமோ என்பார்கள். அதற்குப் பிறகு நான் பேசுவதைக் குறைத்துக்கொள்வேன். இயல்பிலேயே நான் அதிகம் பேசுகிறவள் அல்ல.

அன்றைக்கும் பேசவில்லை. மகளிடம் 'மாமா குடிக்கவில்லை' என்றுகூடச் சொல்லவில்லை. ஊரில் என் தம்பி செல்வத்தின் விபத்து வழக்குக்கு அடுத்த தவணை வர இருபத்திரண்டு நாள் இருந்தது.

2

நடந்தது இதுதான்.

போன வருடம் என் தம்பி செல்வம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுத் தனி வீட்டுக்குக் குடி போனான். பால் காய்ச்சுவதற்கு வா அக்கா என்றான். நான் தனியாகப் போனேன். நிரோவுக்குப் பள்ளிக்கூடம், அவள் அப்பாவுக்கு உணவகத்தில் லீவு இல்லை.

செல்வம் ஆட்டோ ஓட்டுகிறவன். தோட்டத்து வேலைக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஓட்டப் பழகி, சந்தியில் இடம் பிடித்தவன். எங்கள் வீட்டில் முதன்முதலில் சாரதி அனுமதிப்பத்திரம் வாங்கிய ஆள் அவன்தான். இரண்டாவது ஆள் நான், இத்தாலியில்.

பால் காய்ச்சுவதற்கு முந்திய நாள் காலையில் கற்பூரமும் சாம்பிராணியும் வாங்க மறந்துவிட்டது தெரிந்தது. கீழே டவுனுக்குப் போக வேண்டும். செல்வம் ஆட்டோவோடு சந்தியில் இருந்தான். வாசலில் அவன் மகளின் ஸ்கூட்டி நின்றது.

"நான் போயிட்டு வாறேன்," என்றேன்.

தம்பி மனைவி பத்மா சிரித்தாள். "மதினி, ஒங்களுக்கு ஸ்கூட்டியெல்லாம் ஓட்ட வருமா?"

"லைசன் இருக்கு பத்மா."

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன அட்டை. சமையலுக்கு வந்திருந்த பெண்கள் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேரோடு நான் முன்பு புல்லு வெட்டியிருக்கிறேன். "ஏன்டி, போட்டோவுல வெள்ளைக்காரி கணக்கா இருக்க," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "இத வச்சு ஒலகம் பூரா ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

"ஓட்டலாம்," என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். கற்பூரத்துக்காக நான் போகவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால்கூடச் சத்தமாகப் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற இந்தச் சரசு ஸ்கூட்டியில் இறங்கிப் போவதை அந்த மூன்று பேரும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

ரோட்டில் யாரும் இல்லை. எதிரே வண்டிகள் வந்திருந்தால் என் கைக்கு ஞாபகம் வந்திருக்கும். பலெர்மோவில் நான் கவனித்துக்கொள்ளும் மூதாட்டியின் வீட்டிலிருந்து மருந்துக்கடைக்கும் சந்தைக்கும் ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டரில் போகிறவள் நான். அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். ஆளில்லாத அந்த ரோட்டில் என் கை என்னைக் கேட்காமல் வலது பக்கம் போய்விட்டது. அது பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரியாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கீழே ஒரு வளைவு. கீழேயிருந்து தன் இடது ஓரமாகத் தலையில் கொழுந்துச் சாக்கோடு ஏறி வந்தாள் எங்கள் தோட்டத்து மாரியாயி அக்கா. அவள் தன் பக்கத்தில்தான் வந்தாள்.

3

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. வண்டி யார் மேலாவது மோதினால் முதலில் கூப்பிடுவது ஆஸ்பத்திரியை அல்ல. லைசன் உள்ள ஆளைத்தான். பாதிப் பேர் லைசன் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள். பழகுநர் அட்டையோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு. மருந்தெடுக்க, பிள்ளையை டியூசனுக்கு விட என்று தோட்டத்துக்குள் ஓட்டத் தொடங்கி, பிறகு டவுன் வரைக்கும் போய்விடுவார்கள். ஏதாவது நடந்தால் லைசன் உள்ள ஒருவர் வந்து 'நான்தான் ஓட்டினேன்' என்பார். பெரிய உதவியாகத்தான் அதை எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன்.

மடுவத்திலிருந்து ஓடி வந்தவர்களில் யாரோ செல்வத்துக்குப் போன் செய்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வந்தது. மாரியாயி அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. அவள் அழவில்லை. "கொழுந்த அள்ளுங்கடி, காஞ்சிரும்," என்றாள்.

செல்வம் என்னைப் பார்த்தான். "நீ எப்ப ஃபிளைட்டு?"

"அடுத்த சனிக்கிழம."

"அப்ப நீ ஓட்டல. வீட்டுக்குப் போ."

"எங்கிட்ட லைசன் இருக்கு செல்வம்."

"அது அங்கத்து லைசன். இங்க அதுக்கு வேற அனுமதி எடுக்கணும்னு சொல்றாங்க. பாஸ்போர்ட்ட பிடிச்சி வச்சிட்டா என்னா செய்வ? எங்கிட்ட லைசன் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

நான் அங்கேயே நின்றேன். ஸ்கூட்டி வலது ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தது. ஆட்டோ மாரியாயியை ஏற்றிக்கொண்டு போனது.

பொலிஸில் நடந்ததைச் செல்வம் பிறகு சொன்னான். பொலிஸ்காரர் அவன் லைசனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். "மேக்க த்ரீவீல் விதரய்னே," என்றாராம். இது முச்சக்கர வண்டிக்கு மட்டும்தானே என்று அர்த்தம். மோட்டார் சைக்கிள் வகை அதில் பதியப்படவில்லை. இருபது வருடமாக அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவன் பின்பக்கத்தைப் படித்ததே இல்லை. லைசன் என்றால் லைசன்தான் என்று நினைத்திருந்தான், என்னைப் போலவே.

இரண்டாவது கேள்விக்கும் அவனிடம் பதில் இல்லை. ஏன் வலது பக்கம் போனாய்? இந்த ரோட்டில் பிறந்து வளர்ந்தவன், பகல் வெளிச்சத்தில், எதிரே வண்டி இல்லாத நேரத்தில் ஏன் அந்தப் பக்கம் போனாய்? குடித்திருந்தாயா? இல்லை என்றால் வேண்டுமென்றே மோதினாயா?

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டியவள் வீட்டில் பால் காய்ச்சப் பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

லைசனை எடுத்துக்கொண்டு அவனைப் பிணையில் விட்டார்கள். ஓட்டியவருக்கு உரிய அனுமதி இல்லாததால் ஸ்கூட்டியின் காப்புறுதி நிறுவனமும் கைவிரித்துவிட்டது.

இத்தாலிக்குத் திரும்புவதற்கு முன் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரியாயி அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கொண்டுபோன பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

"ஏன்டி சரசு, அந்தப் பக்கம் வந்த?"

"அங்க அப்படித்தான்க்கா ஓட்டுவோம்."

"இது அங்கயா?"

நான் பையைக் கட்டிலுக்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளினேன்.

"பொலிஸ்ல சொன்னியா இத?"

விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"எங்கிட்ட கேட்டாங்க. வெயில் கண்ணுல அடிச்சிச்சு, ஆளத் தெரியலன்னுட்டேன். செல்வம் என்னயத் தூக்கிட்டு வந்தவன். அவன் சொன்னத நான் பொய்யாக்க முடியுமா?" அவள் திரும்பவே இல்லை. "நீ போ. ஒனக்கு ஃபிளைட்டு இருக்கு."

4

பலெர்மோவுக்கு வந்த பிறகு பழையபடிதான் எல்லாம். காலையில் மூதாட்டியை எழுப்பிக் குளிப்பாட்டுவது, மாத்திரை, மதியத்தில் கொஞ்சம் நடத்திக் கூட்டிப்போவது. வதிவிட அட்டையைப் புதுப்பிக்க விரல் அடையாளம் வைக்கும் நாளுக்கு நேரத்தோடு போய் வரிசையில் நின்றேன். அந்த நாளைத் தவறவிடக் கூடாது என்பதுதான் நான் ஊரில் வாய் திறக்காததற்கு எனக்கு நானே சொன்ன காரணம். பெரிய கட்டடம், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுவலர். 'போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் உங்கள் மேல் ஏதாவது வழக்கு உண்டா?' என்று கேட்டார். இல்லை என்றேன். இத்தாலி மொழியில் நான் தடுமாறாமல் சொல்லும் சொற்களில் அது ஒன்று.

செல்வத்தோடு போனில் பேசும்போதெல்லாம் அவன் சிரிப்பான்.

"ஆட்டோ என்னாச்சு?"

"நிக்கிது. கோழி உள்ள ஏறி முட்ட போடுது. அதுக்கு லைசன் கேக்க மாட்டாங்க."

"நீ என்னா செய்ற?"

"கவ்வாத்துக்குப் போறேன்."

தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டும் வேலை அது. எங்கள் அப்பா செய்தது. அதைச் செய்ய மாட்டேன் என்றுதான் அவன் ஆட்டோ பழகினான்.

நிரோ வாசித்த கேள்விக்குப் பிறகு நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மாலையில், அவள் அதே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, சொன்னேன்.

"மாமா குடிக்கல. மாமா ஓட்டவே இல்ல. நான்தான் ஓட்டினேன்."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"நீங்களா?"

"ம்."

"அப்ப நான் மாமாவக் குடிகாரன் எண்டு சொல்லேக்க நீங்க பேசாம நிண்டனீங்கள்."

"ம்."

"எத்தன தரம் சொன்னனான் அம்மா. போனிலயும் ஒருக்கா அவருக்கே சொன்னனான். சிரிச்சவர்."

அது எனக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

என் கணவர் வேலை முடிந்து வந்ததும் மூன்று பேரும் பேசினோம். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "போனா திரும்பி வர விடுவாங்களா?" எனக்குத் தெரியாது என்றேன். பாஸ்போர்ட்டை நீதிமன்றம் வாங்கி வைத்து, இங்கே வதிவிட அட்டையின் காலம் தாண்டிவிட்டால், பதினொரு வருட வாழ்க்கை அதோடு சரி. மூதாட்டியின் மகன் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். "நீ போகாட்டி தம்பிக்கு என்னா ஆகும்?" என்றார். லைசன் போகும், குடித்து ஓட்டியவன் என்ற பேர் நிற்கும் என்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, "அப்ப டிக்கெட் போடு," என்றார்.

செல்வம்தான் கோபப்பட்டான். "அக்கா, நீ வராத. நான் குத்தத்த ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடியும்னு லோயர் சொல்லிட்டாரு. லைசன் கொஞ்ச காலம் போகும், அவ்வளவுதான். நீ வந்து சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். பொய் சொன்னதுக்கு எனக்கு வேற போடுவாங்க."

"வலது பக்கம் ஏன் போனன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

அந்தப் பக்கத்தில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "குடிச்சேன்னு சொல்லச் சொல்றாரு," என்றான்.

செல்வம் குடிப்பவன் அல்ல. எங்கள் அப்பா குடித்தவர். அவன் அந்த நாற்றத்துக்கே தள்ளி நிற்பவன்.

5

நீதிமன்றத்தில் காலை எட்டரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். மாரியாயி அக்கா ஊன்றுகோலோடு வேறு வாங்குப் பலகையில் இருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையசைக்கவில்லை. லோயர் என்னைக் கண்டதும் முகம் மாறி, செல்வத்தைத் தனியே கூப்பிட்டுப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவன், "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல அக்கா. வெளிய போய் டீ குடி," என்றான்.

அவன் பேரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து கூண்டுக்குப் போனான். கவ்வாத்துக் கத்தி பிடித்து அவன் கை தடித்திருந்தது. குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

நான் எழுந்து நின்றேன்.

எழுந்தால் பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. ஒரு பொலிஸ்காரர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் உட்காரவில்லை. என் ரோஸ் அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. நீதவான் என்ன அது என்று கேட்டார்.

"நான்தாங்க ஓட்டினேன். வலது பக்கம் போனது நான்தான். நான் இருக்கிற நாட்டுல அப்படித்தான் ஓட்டுவாங்க, பழக்கத்துல போயிட்டேன். என் தம்பி அப்ப அங்க இல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஓட்டியது இவர், வலது பக்கம் போனது இவர், வெளிநாட்டில் இருப்பவர் என்றார். கடைசி வசனத்தை விட்டுவிட்டார். சிங்களம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஒரு உத்தியோகத்தரை நான் ஒரு நாளும் திருத்தியதில்லை. இங்கேயும் இல்லை, இத்தாலியிலும் இல்லை. அன்றைக்குத் திருத்தினேன். தம்பி அங்கே இருக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள் என்று சிங்களத்திலேயே சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

நீதவான் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் கீழே பார்த்தான். பிறகு மாரியாயியைப் பார்த்து, யார் ஓட்டியது என்று கேட்டார்.

அவள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அவ சொல்லிட்டாளேங்க," என்றாள்.

6

இதை நான் எழுதுவது செல்வத்தின் புது வீட்டிலிருந்து. பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது. பொலிஸில் புதிதாக வாக்குமூலம் எடுத்தார்கள். உரிய அனுமதி இல்லாமல் ஓட்டியது, கவனமில்லாமல் ஓட்டிக் காயப்படுத்தியது என்று என் மேல் இரண்டு குற்றச்சாட்டு. பொய் சொன்னதற்குச் செல்வத்தின் மேல் ஒன்று. அவனை நீதவான் கடுமையாகத் திட்டினார். லைசனைத் திருப்பித் தருவதா என்று அடுத்த தவணையில் சொல்வார்களாம். லோயர் 'கிடைக்கும்' என்கிறார். அவர் சொல்வதை இப்போது அளந்துதான் நம்புகிறேன். ஆட்டோவிலிருந்து கோழியை விரட்டிவிட்டான் செல்வம். கழுவியும் வைத்திருக்கிறான்.

என் வதிவிட அட்டைக்கு இன்னும் நாள் இருக்கிறது. போதுமா என்று தெரியவில்லை. மூதாட்டியை ஒரு பெரு நாட்டுப் பெண் கவனித்துக்கொள்கிறாளாம்.

செவ்வாய்க்கிழமைகளில் மாரியாயி அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். முதல் வாரம் ஆட்டோ பிடிக்கவா என்று கேட்டேன். "நடந்து பழகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நட. நடக்கிறதுக்கு லைசன் கேக்க மாட்டாங்க," என்றாள். அவளோடு அந்த ரோட்டில் இறங்கி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதி வழிக்கு அவள் பேசவே மாட்டாள். கால் சரியாகும் வரை அவளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அவள் கொழுந்து எடுத்த மலையைக் கடக்கும்போது மட்டும் நின்று பார்ப்பாள். நானும் நிற்பேன்.

நேற்றுத் திரும்பி வரும்போது நிரோவின் குரல் பதிவு வந்தது. பரீட்சையில் தேறிவிட்டாளாம். "அந்தக் கேள்வி வந்தது அம்மா. பிழை எண்டு போட்டனான்," என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அணைக்க மறந்துவிட்டாள் போல.

"யாரு, மகளா?" என்று கேட்டாள் மாரியாயி அக்கா.

"ஆமாக்கா. லைசன் பரீட்ச பாஸாயிட்டாளாம்."

"எந்தப் பக்கம் ஓட்டணும்னு அவளுக்காச்சும் தெரியுமா?"

"அங்கத்துப் பக்கம் தெரியும்."

"இங்க வந்தா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. மடுவத்துக்குக் கீழே உள்ள அதே வளைவு. எங்கே நடக்கிறேன் என்று பார்க்காமல் நான் பாதி ரோட்டுக்கு வந்திருந்தேன். மாரியாயி அக்கா ஊன்றுகோலைக் கீழே விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்தாள். கொழுந்து லொறி எங்களைத் தாண்டிப் போனது.

நான் குனிந்து ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். அதை மற்றக் கையால் வாங்கினாள். என் கையை வீடு வரைக்கும் விடவில்லை.